மண்புழு கொடுத்த வாக்கு

அந்தக் காலத்தில், பழத்தோலுக்கும் கொட்டைக்கும்கூட வாய் இருந்தபோது, மண்புழு மண்ணுக்குள் போனதில்லை. அங்காயி வீட்டுக் கொல்லையில், ஒரு மாதுளஞ்செடியின் நிழலில் சும்மா நெளிந்துகொண்டிருக்கும். நிழல் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். செடியில் இருந்ததே நாலு இலை.

ஒருநாள் அடுக்களை ஜன்னல் வழியே ஒரு வாழைப்பழத் தோல் வந்து விழுந்தது.

"அண்ணே, என்னை எங்கேயாவது ஒளித்து வை!" என்று அழுதது. "பழத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் நான். தின்று முடித்ததும் அங்காயிக்கு நான் குப்பையாகிவிட்டேன். காய்ந்ததும் சருகோடு சேர்த்துக் கொளுத்திவிடுவாள்."

புழுவுக்கு மனசு கேட்கவில்லை. செடியின் அடியில் மண்ணை முட்டி முட்டிக் குழியாக்கி, தோலை இழுத்துப் போட்டு மூடியது.

"பயப்படாதே தாயி. ஆபத்து நீங்கியதும் நானே வந்து எடுக்கிறேன். சத்தியம்."

அங்காயியின் விளக்குமாறு ஓயட்டும் என்று காத்திருந்ததில் ஒரு மழைக்காலமே போய்விட்டது. பிறகு தோண்டிப் பார்த்தால், தோலைக் காணோம். கறுத்த மண்தான் இருந்தது.

"யாரடி எடுத்தது?" என்று செடியிடம் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? கொஞ்ச நாளாய்க் காலடியில் இனிக்கிறது, அவ்வளவுதான்." செடி முழுக்கத் தளிர், உச்சியில் சிவப்பாய் ஒரு மொட்டு.

"திருடி! நீதான் தின்றிருக்கிறாய்!"

"வாயைக் கழுவு! மேலே பூக்கவே எனக்கு நேரமில்லை, கீழே எங்கே திருட?"

புழு குழம்பிப்போனது. காப்பாற்றினோமா, தொலைத்தோமா? மண்ணோடு மண்ணாய் ஒட்டிக்கிடக்கிறாளோ என்று ஒரு வாய் விழுங்கிப் பார்த்தது. லேசாக இனித்தது. ஆனால் அவள் இல்லை. வெளியே தள்ளிவிட்டு அடுத்த வாய்.

மொட்டு பூவாகி, பழமானது. அங்காயி அதைத் தின்று தோலை வீசினாள். பெருக்க வந்தவள், செடியின் செழிப்பைப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும், இந்தச் செடிக்குப் பிடிக்கிறது போல" என்று திரும்பிவிட்டாள்.

மாதுளைத் தோல் மெல்லக் கேட்டது: "என்ன அண்ணே, என்னைத் தெரியவில்லையா?"

அதே குரல். நிறம் வேறு, மணம் வேறு.

"நீ... அவளா?"

"அதுதான் எனக்கும் புரியவில்லை. யாரோ என்னை இருட்டில் ஒளித்துவைத்தது மட்டும் நினைவிருக்கிறது."

நம்புவதா வேண்டாமா என்று புழுவுக்குப் பிடிபடவில்லை. சத்தியம் சத்தியம்தானே. இவளையும் ஒளித்துவைத்துவிட்டு, அவளைத் தேடி மண்ணுக்குள் இறங்கியது.

அன்றைக்கு இறங்கியதுதான். இன்றைக்கும் மண்ணை விழுங்குகிறது, இல்லையென்று வெளியே தள்ளுகிறது. மேலே மழை தட்டினால் அவள்தான் கூப்பிடுகிறாளோ என்று ஓடிவந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஈர மண்ணில் நெளிந்து நிற்கிறது.