துடுப்பு கேட்ட அலரி

ஆற்றுக்குப் பாலம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் நடந்தது இது, கேளுங்கள். மருதந்துறை என்ற ஊரை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அந்த ஊரில் ஒரு வழக்கம். தலை நரைத்தவர்தான் ஓடத்தில் துடுப்புப் பிடிக்கலாம். இளையவர்கள் ஓடத்தில் தேங்கும் தண்ணீரை இறைத்துக் கொட்டலாம், அவ்வளவுதான்.

இளையவர்கள் சும்மா இருப்பார்களா? ஆள் அசந்த நேரம் ஓடங்களை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பந்தயம் விட்டார்கள். மோதி உடைத்தார்கள்.

ராஜா ஓடங்களுக்குச் சங்கிலி போட்டார். சங்கிலியை அறுத்தார்கள். காவல் போட்டார். காவலை ஏமாற்றினார்கள். சவுக்கால் அடித்தார். தழும்பை நகை போலக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

கடைசியில், பிடிபட்ட எல்லோரையும் ஊரைவிட்டே துரத்துவது என்று முடிவாயிற்று.

"காலில் விழுந்தால் மன்னிக்கிறேன்" என்றார் ராஜா.

அவர்களில் அலரி என்ற பெண் முன்னால் வந்தாள். நின்றாள். விழவில்லை.

"ஓடத்தை உடைத்தது தப்புதான், ராஜா. நாங்களே பலகை அறுத்துச் சரிசெய்து தருகிறோம். காலில் மட்டும் விழமாட்டோம். எங்களை அடக்க மூன்று வழி பார்த்தீர்கள். ஒருநாளாவது கையில் துடுப்பைக் கொடுத்துப் பார்த்தீர்களா?"

மந்திரி சிரித்தார். "கொடுத்தால் ஓடத்தோடு அக்கரைக்கு ஓடிவிடுவீர்கள், தெரியாதா?"

"எப்படியும் துரத்தத்தானே போகிறீர்கள், ஐயா? நாங்களே போனால் உங்களுக்கு வேலை மிச்சம்."

சபையே சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

அன்று ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. மாடு மேய்க்கப் போனவர்கள் நடுத்திட்டில் சிக்கியிருந்தார்கள். வெள்ளத்தின் இழுப்பைப் பார்த்து, நரைத்த ஓடக்காரர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றார்கள்.

"மூன்று ஓடம் தருகிறேன். திட்டில் இருப்பவர்களைக் கூட்டிவாருங்கள்" என்றார் ராஜா இளையவர்களிடம்.

முதல் ஓடம் பெண்களோடு வந்தது. இரண்டாம் ஓடம் ஆண்களோடு வந்தது. அலரி போன மூன்றாம் ஓடம் வரவில்லை. பொழுது சாய்ந்தது.

"நான் அப்போதே சொன்னேன்" என்றார் மந்திரி.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள், விளிம்பு வரை தண்ணீரில் அமுங்கியபடி அந்த ஓடம் மெல்ல வந்தது. உள்ளே ஒரு கிழவர், இரண்டு கன்றுக்குட்டிகள்.

"ஏன் இத்தனை நேரம்?" என்றார் மந்திரி.

"கன்று ஏறமாட்டேன் என்றது, ஐயா. விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்களா?"

ராஜா முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அலரி கை நீட்டவில்லை.

"முத்து வேண்டாம், ராஜா. நாளைக்கும் துடுப்பு வேண்டும்."

மறுநாள் சங்கிலிகள் கழன்றன. நரைத்தவர்கள் ஓடத்தில் உட்கார்ந்து திசை சொன்னார்கள், இளையவர்கள் துடுப்பு வலித்தார்கள். சொன்னபடி உடைந்த ஓடங்களுக்குப் பலகையும் அறுத்தார்கள். அதற்குப் பிறகு மருதந்துறையில் ஓடம் திருட்டுப் போகவே இல்லை.

இளையவர் கையில் பொறுப்பைக் கொடுக்கத் துணியாத ஊருக்கு, அந்தக் கைகளைக் குற்றம் சொல்லத் தகுதியில்லை.