வரிசையில் நின்ற முள்ளுக்கீரை

இந்தக் கதையைச் சொன்னவர் வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற இன்னாசிமுத்து. பல வருஷமாக இதை நான் நம்பவில்லை. பொய் சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இவர் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார், சிரிக்கவும் மாட்டார். அதுதான் உறுத்தியது. இருந்தாலும் கேட்டதைக் கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூர் பக்கம் நொச்சிக்குடிக்காடு என்று ஓர் ஊர். அங்கே கலியபெருமாள் என்பவன் தன் பெரியம்மா மகள் குஞ்சம்மாளின் நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தான். சோளம் முழங்கால் உயரம். சோளத்துக்கு நடுவே முள்ளுக்கீரை இடுப்பு உயரம்.

வருஷா வருஷம் அவன் அடித்துவந்தது ஒரே களை மருந்து. முதலில் கீரை கருகிச் செத்தது. அப்புறம் வாடுவதோடு நிறுத்திக்கொண்டது. இப்போதெல்லாம் மருந்து விழுந்தால் குளித்துவிட்டு வந்த மாதிரி தளதளவென்று நிற்கிறது.

துறையூரில் வாக்கப்பட்டிருந்த குஞ்சம்மாளுக்குச் சேதி எட்டிவிட்டது. ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "தீபாவளிக்கு மறுநாள் வர்றேன். ஒரே ஒரு களை என் கண்ணுல பட்டாலும் நிலத்தை வேற ஆளுக்கு விட்டுடுவேன்."

கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு இருந்தது அந்த ஒரு வயல்தான். மச்சான் நல்லமுத்துவையும் சித்தப்பா சடையனையும் கூப்பிட்டான். மூவரும் வரப்பில் உட்கார்ந்து களையை முறைத்துப் பார்த்தார்கள். களை குறையவில்லை. ஆகவே ஆபீசரை அழைத்து வந்தார்கள்.

இன்னாசிமுத்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே வயல்ல ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிச்சா, அதைத் தாங்குற செடி மட்டும் பிழைச்சு விதை போடும். இங்க நிக்கிறது பூரா அதோட பிள்ளைங்க. இனி இந்த வயல்ல இந்த மருந்து ஆகாது. கையால வேரோட எடுங்க. ஒரு விதைகூட மண்ணுல விழக்கூடாது."

வண்டியை உதைத்தவரைச் சடையன் மடக்கினான். "போன வருஷம் காஞ்சு கிடந்தப்ப அடிச்சோம் சார். வேலை செய்யலையே?"

"வாடின செடியில எந்த மருந்தும் ஏறாதுய்யா. செடி தெம்பா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மூவரும் மறுபடி வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"ஆபீசர் மருந்து ஆகாதுன்னாரா?" என்றான் நல்லமுத்து.

"இந்த வயல்ல ஆகாதுன்னார்" என்றான் கலியபெருமாள்.

"அப்ப வேற வயல்ல?"

"ஆகும்னுதானே அர்த்தம்? ஒரு கேன் மிச்சம் வேற இருக்கு."

பக்கத்திலேயே நல்லமுத்துவின் தரிசு கிடந்தது. அதை உழுதார்கள். முள்ளுக்கீரையை வேர் அறாமல், மண் உதிராமல் தோண்டி எடுத்துக் கூடையில் வைத்துத் தூக்கிப்போய் நட்டார்கள். கயிறு கட்டி வரிசையாக நட வேண்டும் என்பது சடையனின் கண்டிப்பு. "சிதறி நட்டா மருந்து ஒண்ணு மேல விழும், ஒண்ணு மேல விழாது. பாரபட்சம் ஆகாது."

நட்ட கீரை வாடியது. வாடின செடியில் மருந்து ஏறாதே! சாணி எரு வைத்தார்கள். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினார்கள். தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். விதை விழக்கூடாது என்று, நல்லமுத்துவின் பழைய வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு கதிரையும் மூட்டை கட்டிவிட்டார்கள். செடிகளுக்குத் தெம்பு வந்ததும் மருந்து அடித்தார்கள்.

கீரை அதைக் குடித்துவிட்டு இன்னும் ஒரு சுற்றுப் பருத்தது.

"இடம் மாறினது ஒத்துக்கிச்சு போல" என்றான் சடையன்.

கலியபெருமாளின் வயல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவன் வயிறாரச் சாப்பிட்டான். தீபாவளியன்று காலையில் நல்லமுத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"மச்சான், உங்க அக்கா நாளைக்கு வருது. அது மண்ணுல முளைச்சது என் மண்ணுல நிக்குது. திருடிட்டேன்னு நெனச்சா நான் எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கிறது?"

"நீயே வெச்சுக்கயேன்."

"அடுத்தவங்க பொருளையா? ஆஸ்பத்திரிக்குப் போனவனை வைத்தியம் முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பமாட்டாங்களா?"

கலியபெருமாள் யோசித்தான். எங்கேயோ இடிக்கிற மாதிரி இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. "ஆனா களை இருக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சே?"

"அதுக்குத்தானேடா இவ்வளவு வைத்தியம் பண்ணியிருக்கோம்" என்று சடையன் முடித்துவைத்தான்.

ஊர் பட்டாசு வெடித்தது. இவர்கள் மூவரும் அத்தனை கீரையையும் திரும்பக் கொண்டுவந்து, சோள வரிசைக்கு இடையில் கயிறு பிடித்து நட்டார்கள்.

மறுநாள் குஞ்சம்மாள் வந்தாள். பிடுங்கினார்களா என்று பார்க்க இன்னாசிமுத்துவும் வந்திருந்தார்.

"இதென்னடா தலைப்பா கட்டிக்கிட்டு நிக்குது?"

"முள்ளுக்கீரைக்கா."

இன்னாசிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"தானா முளைச்சுதா?"

"இல்லக்கா. நாந்தான் கயிறு புடிச்சு நட்டேன்."

"எரு வெச்சியா?"

"சாணி எரு. மேல புண்ணாக்கு."

"தண்ணி?"

"தினமும்க்கா."

குஞ்சம்மாள் இடுப்பில் கைவைத்தாள். "நட்டு, எரு வெச்சு, தண்ணி விட்டது எப்படிடா களையாகும்? எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் கோள் சொல்லியிருக்கான்."

கலியபெருமாளுக்குப் போன உயிர் திரும்பியது. அக்கா நாலடி வைத்து நின்றாள். வரிசை தப்பி, வாய்க்கால் ஓரத்தில், சிந்திய விதையிலிருந்து ஒற்றைச் சோளம் முளைத்திருந்தது.

"இதை யாரு நட்டா?"

"யாரும் நடலக்கா. தானா..."

"அப்ப இது களை!" என்றாள். "கண்ணுல பட்டுடுச்சுடா தம்பி. நான் சொன்னா சொன்னதுதான்."

கலியபெருமாளுக்கு நிலம் போனது, பிழைப்பு போனது. சடையன் முன்னால் வந்தான்.

"தாயி, கண்ணைக் கொஞ்சம் மூடு."

மூடினாள். சடையன் சோளத்தைப் பிடுங்கி முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டான். "இப்பத் தொற. ஏதாச்சும் கண்ணுல படுதா?"

"படல."

"அப்புறமென்ன?"

"முன்ன பட்டுச்சே?"

"அது முன்ன."

குஞ்சம்மாளுக்கு அதுவும் நியாயமாகத்தான் பட்டது. "சரி, நிலம் உனக்குத்தான். ஆனா சோளம் கீரைக்கு நெழல் கட்டுது பாரு, அதை ஒடிச்சு விட்டுடு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கலியபெருமாள் அன்றைக்கே ஒடித்துவிட்டான்.

இவ்வளவுதான் கதை. இதை ஏன் நம்பவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன். சரியான காரணம் அகப்படவில்லை. என் வீட்டுத் தோட்டத்தில் கத்தரி, வெண்டை, மிளகாய் என்று எதை வைத்தாலும் பட்டுப்போகிறது. போன வாரம் இன்னாசிமுத்துவைப் பார்த்தபோது கேட்டே விட்டேன்:

"சார், அந்த முள்ளுக்கீரை நாத்து கொஞ்சம் வாங்கித் தர முடியுமா?"