தூக்குல போன தவளைச் சத்தம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜுல ஒரு குருவும் சிஷ்யரும் இருந்தாங்க. இதுல கூத்து என்னன்னா, குருவுக்கு முப்பத்தஞ்சு வயசு, சிஷ்யருக்குத் தல முழுக்க நர. குரு ஆவுடையம்மா மேடம். சிஷ்யர் குத்தாலிங்கம் சார், பள்ளிக்கூடத்து வாத்தியார். மக கல்யாணப் பத்திரிகையில தம் பேருக்கு முன்னால டாக்டர்னு அடிச்சிரணும்னு மனுசனுக்கு அப்படி ஒரு ஆச.

ஆராய்ச்சி எதுல? தவளை கத்துறதுல. சிரிக்காதீங்க. மழ பேஞ்சாப் போதும், கொளத்துக்கரையில மைக்கப் பிடிச்சுட்டு நிப்பாரு. "நான் பேசுனா காதுல விழாது, தவளை பேசுனா விழும்"னு அவரு சம்சாரம் கோமு தெருவெல்லாம் சொல்லுவா.

நாகர்கோவில்ல மரியபுஷ்பம் டீச்சர். அவங்களும் தவளைக்காரிதான். "ஒங்க சத்தங்கள அனுப்புங்க, எங்களோடத சேத்து வச்சுப் பாப்போம்"னு மேடத்துக்கிட்ட கேட்டாங்க.

இதக் கேட்டதும் சார் மேடத்துக்கிட்ட ஓடியாந்தாரு.

"மேடம், அவங்க முந்தி எழுதிட்டா எம் பட்டம் போச்சே! ஏதாவது கையெழுத்து வாங்குனீங்களா?"

"இல்ல சார்."

"பின்ன எத நம்பிக் குடுக்க?"

மேடம் எவர்சில்வர் தூக்குவாளிய எடுத்தாங்க. அவர் தவளைச் சத்தத்தப் பதிஞ்சு கொண்டாந்த ஹார்டு டிஸ்க்க பாலித்தீன்ல சுத்தி உள்ள வச்சாங்க. மேல முறுக்க அடுக்குனாங்க.

"மூடி இறுக்கமா இருக்கான்னு பாருங்க சார்."

அம்புட்டுதான், தூக்கு நாகர்கோவிலுக்குப் போயிருச்சு. ஆனா சார் வீட்டுலயே ஒரு வேல பண்ணிட்டுத்தான் வந்திருந்தாரு. எந்தச் சத்தம் எந்தக் கொளம்ங்கிற பேர எல்லாம் அழிச்சுட்டாரு. மண்டபம் பேரு போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி! யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சாரு.

தூக்குன்னதும் ஞாபகம் வருது. எங்க எதுத்த வீட்டு சிவகாமி, கொழம்பு வாங்குன கிண்ணத்த வெறுங்கிண்ணமாத் தர மாட்டா. ஒண்ணுமில்லன்னா ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவா. ஒருநா மகள்ட்ட குடுத்தனுப்புனா. அது வழியிலயே நக்கித் தின்னுட்டு, வெறுங்கிண்ணத்த நீட்டுது. வாயெல்லாம் சீனி! சரி, எங்க விட்டேன்? தூக்கு.

அடுத்த வாரமே திரும்பி வந்துச்சு. தொறந்தா நேந்திரங்கா வத்தல் கமகமன்னு மணக்குது. அடியில டிஸ்க்கு. அதுல டீச்சரோட சத்தங்க அத்தனையும், கொளத்துப் பேரோட. கூடவே போனும் வந்துச்சு. மேடம் ஸ்பீக்கர்ல போட்டாங்க.

"சார், ஒங்களோடதுல கொளத்துப் பேரெல்லாம் விட்டுப்போச்சு. கவலப்படாதீங்க, நாங்களே கண்டுபிடிச்சுப் போட்டுட்டோம்."

"எ... எப்படி டீச்சர்?"

"நீங்கதான சொன்னீங்க!"

அந்தப் பக்கம் பதிவ ஓடவிட்டாங்க. தவளை கொர்கொர்ருங்குது. நடுவுல சாரோட கொரலு: "ஏட்டி கோமு, பாப்பாங்கொளத்துக் கரையில நிக்கேன். இந்தா வந்துட்டேன். ரசத்த எறக்கி வையி."

"கொளத்துக்குக் கொளம் ரசந்தான் சார்! ஒங்க வீட்டுல வேற கொழம்பே கெடையாதா?"

மேடம் சிரிச்ச சிரிப்புல கண்ணாடி கழண்டு விழுந்துருச்சு.

"சார், இன்னொண்ணு. அந்த ரசத்துக்குப் பின்னால டிக்டிக்னு ஒரு தவளை கத்துதே, அது எங்க பக்கம் மட்டுந்தான் உண்டுன்னு இருந்தோம். ஒங்க கொளத்துலயும் இருக்கு! நீங்க பிடிச்ச சத்தம், ஒங்க பேர்லயே எழுதுங்க. பட்டத்துக்கு அது ஒண்ணே போதும்."

போன வச்சாச்சு. சார் மூஞ்சி, அந்தச் சீனி தின்ன புள்ள மூஞ்சியேதான்.

"மேடம், பேரு விட்டுப்போகல. நாந்தான் அழிச்சேன்."

"தெரியும் சார்."

"டீச்சருக்கு?"

"அவங்களுக்குத் தெரியாமலா?"

"இனிமே எதையும் மறைக்க மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிரட்டுமா?"

மேடம் வத்தலத் தட்டுல கொட்டுனாங்க. தூக்கக் கழுவித் தொடச்சு அவர் கையில குடுத்தாங்க.

"கையெழுத்து கெடக்கட்டும் சார். கோமு அக்காவ டீச்சருக்கு ரசப்பொடி இடிக்கச் சொல்லுங்க."