தேரை நிலைக்குச் சேர்த்தவர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மத்தியானம் நான் தின்ற கருவாட்டுக் குழம்பு எனக்குச் செரிக்காமலே போகட்டும்!

ஆடிப்பூரத் தேர் கீழவீதி முக்கில் அசையாமல் நின்றுவிட்டது. வானமோ கறுத்துக்கொண்டு வந்தது. தேர்மேல் மிராசுதார் அருணகிரியும் அவருடைய பதினேழு மச்சான்மாரும். கீழே, சக்கரத்துக்குக் கட்டை போடும் முத்துக்கருப்பன்.

“டேய், மழை வர்றதுக்குள்ளே தேர் நிலைக்குப் போகலேன்னா, இனி கட்டை போடுற வேலை உனக்குக் கிடையாது!” என்று மேலேயிருந்து கத்தினார் மிராசுதார்.

பாரம் எங்கே இருக்கிறதென்று முத்துக்கருப்பனுக்குத் தெரியும். சொன்னால் உதைதான்.

“போயிரும் எஜமான். ஆனா, தேரை நிலைக்குச் சேர்த்தவர் இன்னார்னு மைக்கிலே பேர் சொல்லுவாங்களே, அது வடம் தொட்டவங்களுக்குத்தானாம்.”

பொத்துப் பொத்தென்று பதினேழு பேரும் குதித்தார்கள். கடைசியாக மிராசுதாரும் இறங்கி, வடத்தை இரண்டு விரலால் தொட்டார். தேர் குடுகுடுவென்று ஓடி, முதல் தூறலுக்கு முன்பே நிலையில் நின்றது.

“யார் சேர்த்ததுன்னு நீயே சொல்லுடா!” என்று மைக்கை நீட்டினார் மிராசுதார்.

முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஊர்ச் சனங்களே! எஜமான் இறங்கினார், தேர் நிலைக்கு வந்துருச்சு!”

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மிராசுதார் அதைப் பாராட்டென்று எண்ணி நாலு பக்கமும் கும்பிட்டார்.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். அந்தப் பதினேழு மச்சான்மாரில் நானும் ஒருத்தன்.