உரிக்காமல் விட்ட தாள்

வேலாயுதத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஜெசிந்தாதான் அந்தக் குரு. துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவளிடம் தொழில் படிக்கச் சேர்ந்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஜெசிந்தாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் எங்கே வைத்து, என்ன வேலை செய்யும்போது நின்றது என்று கேட்டு ஓர் அட்டையில் எழுதி ஒட்டுவாள். சரிசெய்த பிறகு அதே மாதிரி ஓட்டிப் பார்க்காமல் கொடுக்க மாட்டாள். உப்பள ஆபீசில் நின்றுபோன மெஷின் ஒன்று கடையில் ஜோராக ஓடியது. அப்படியும் அதை அந்த ஆபீசுக்கே தூக்கிப் போய், அதே மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். இதெல்லாம் கொஞ்சம் அதிகப்படி என்பது வேலாயுதத்தின் எண்ணம்.

ஒரு திங்கட்கிழமை காலை அவரே ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். மருமகள் சுகந்தி வீட்டிலிருந்தே கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறாள். அவளுக்காகப் பாகம் பாகமாக வாங்கி, தன் கையால் பூட்டிக் கொடுத்தது. அந்தப் பெருமையைத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியும் இருந்தார்.

"எப்போ நிக்குது?" என்றாள் ஜெசிந்தா.

"வீடியோவ மொத்தமா சேக்கும்போது. பத்து நிமிஷம் ஓடும், பொசுக்குன்னு அணைஞ்சிரும். மூணு மாசமா இதே கூத்துதான்."

"என்னென்ன மாத்திப் பாத்திய?"

"ராம் மாத்தியாச்சு. பவர் சப்ளை மாத்தியாச்சு. விண்டோஸ் ரெண்டு தடவ புதுசா போட்டாச்சு."

"பிராசஸர் மேல இருக்க ஃபேன்?"

"அது நான் மாட்டினதுல்லா, டீச்சர்."

ஜெசிந்தா ஸ்க்ரூடிரைவரை நீட்டினாள்.

ஃபேனைக் கழற்றி, அடிப்பக்கத்தைத் திருப்பினார். மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டும் முன் உரிக்கவும் என்று ஆங்கிலத்தில் சிவப்பாக அச்சடித்திருந்தது. அதன் மேலேயே, சூட்டைக் கடத்தும் பேஸ்டை அழகாகத் தடவி மாட்டியிருக்கிறார். சூடு இறங்க வழியில்லாமல்தான் மெஷின் அணைந்துகொண்டிருந்தது.

அவருக்குக் காது மடல் சுட்டது. தாளை உரித்தார், துடைத்தார், புது பேஸ்ட் வைத்து மாட்டினார். ஜெசிந்தா ஒரு பெரிய வீடியோவைச் சேர்க்கக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் ஓடியது. மெஷின் நிற்கவில்லை.

"சரியாயிட்டு அண்ணாச்சி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

வேலாயுதம் தாளை விரலில் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"நேத்து வீட்ல சாப்பிட உக்காந்திருந்தோம். சுகந்தியோட அப்பா அம்மா வந்திருந்தாவ. கம்ப்யூட்டர் நல்லா ஓடுதான்னு அவ அப்பா சும்மா கேட்டாரு. உங்க பொண்ணு கண்டதையும் போட்டு மெஷினை நாசம் பண்ணிட்டான்னு சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சோத்துல வச்ச கைய எடுக்காம, என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு டீச்சர். பிள்ளைக்கு வெவரம் பத்தாது, பொறுத்துக்கிடுங்க சம்பந்தின்னாரு."

கையில் எடுத்திருந்த இரண்டு கல்யாண வேலைகளையும் சுகந்தி நேற்றே வேண்டாம் என்றுவிட்டாள். காலையில் மெஷினைத் தூக்கும்போது, "இனிமே எனக்கு வேண்டாம் மாமா, வேற யாருக்காவது குடுத்திருங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு கூசியிருக்காது.

"பார்ட் ஒண்ணு பழுது, மாத்தியாச்சுன்னு சொல்லிரட்டுமா டீச்சர்?"

ஜெசிந்தா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வேலாயுதம் சுருட்டிய தாளை மேஜையில் விரித்து வைத்தார்.

"இல்ல, உள்ளதச் சொல்லிருதேன். என் தப்புதான்னு. அடுப்பங்கரையில அவ தனியா இருக்கும்போது சொல்லிருதேன். போதும்லா?"

ஜெசிந்தா ஒரு புது அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"எங்க வச்சு நின்னுச்சு, அண்ணாச்சி?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலை தானாகக் குனிந்தது.

"சாப்பாட்டுல," என்றார். "சம்பந்தி முன்னால."

அவள் அதை எழுதி, மெஷினின் மேல் ஒட்டினாள்.

"அங்க வச்சு ஓட்டிப் பாத்துட்டு வாங்க."