மரகதவல்லி அவர்களும் தாழிக்காரரும்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பால் பொங்கினாலும் பயம், பொங்காவிட்டாலும் பயம். அந்த வாரம் என் பயமெல்லாம் எங்கள் செங்கழனி வரலாற்றுக் கழகத்தின் மேல்தான். போன மாதக் கூட்டத்துக்கு வந்தது நானும், தலைவர் நல்லபெருமாள் ஐயாவும், மழைக்கு ஒதுங்கிய ஒரு பெரியவரும் மட்டுமே. அந்தப் பெரியவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார்.

ஐயா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்துதான் பேசுவார். "வர்ற ஞாயித்துக்கிழமையும் நாற்காலி காலியாக் கிடந்தா, ரூமைப் பூட்டிச் சாவியை நகராட்சிக்கே திருப்பிக் குடுத்துர வேண்டியதுதாம்மா" என்று சொல்லிவிட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஊரில் எல்லோருக்கும் நான் "ஏ, மரகதம்". அந்த அறையில் மட்டும்தான் மைக்கைப் பிடித்து "உறுப்பினர் திருமதி மரகதவல்லி அவர்களே" என்று கூப்பிடுவார்கள். சாவி போனால் அந்த "அவர்களே"யும் போய்விடும்.

அதனால் மிளகாய் அரைக்கப் போன மாவு மில்லில் கரண்ட் போனதும், தூக்குவாளிகளோடு காத்திருந்த பெண்களைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"ஞாயித்துக்கிழமை எங்க கழகத்துல கூட்டம். சீக்கிரமா வந்து இடம் பிடிச்சுக்கோங்க. அப்புறம் எடமில்லைன்னு என்னையச் சொல்லக் கூடாது."

"அங்க என்னக்கா இருக்கு? செத்துப்போன ராசாக்களைப் பத்திப் பேசுவாங்க" என்றாள் தையல்கடை ரமீஜா.

"அப்படியா நெனச்சுக்கிட்டு இருக்கே? தை மாசம் மரபு நடை போனோம்ல. ஊர்ல இருக்குற பழைய இடத்தையெல்லாம் நடந்தே போய்ப் பாக்குறது. கூட்டம்னா கூட்டம், அப்படியொரு கூட்டம்! முன்னால போனவங்க எல்லாத்தையும் பாத்துட்டு ஊரைச் சுத்தித் திரும்பி வந்துட்டாங்க. பின்னால நின்னவங்க இன்னும் செருப்பே மாட்டலை. தலை வந்து வால்ல இடிச்சுருச்சு. யாரு முன்னால, யாரு பின்னாலன்னு தெரியாம வட்டமாச் சுத்திக்கிட்டே இருந்தோம். அன்னிக்கு ஒரு பஸ்ஸும் ஊருக்குள்ள நுழைய முடியலை."

"தை மாசம் பூரா நான் பஸ்ல போயிட்டுத்தானே வந்தேன்?" என்றாள் பக்கத்து வீட்டுச் சீனியம்மா. உப்பை வாயில் போட்டுப் பார்த்த பிறகும் உப்பென்று நம்பாதவள்.

"நீ போனது அதுக்கு முந்தின பஸ்ஸு."

ரமீஜா சிரித்துவிட்டாள். சிரித்ததில் மிளகாய் நெடி ஏறித் தும்மினாள். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது.

"அடுத்து, கல்வெட்டைப் படி எடுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. கல்லு மேல ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மையை ஒத்தணும். எழுத்து அப்படியே தாள்ல தெரியும். மத்தவங்கல்லாம் பூப்போலத் தட்டுனாங்க. எனக்குத் துணி துவைக்கிற கை. ஓங்கி நாலு போடு போட்டேன். தாளை உரிச்சா, எழுத்து மொத்தமும் தாளோடயே வந்திருச்சு. கல்லு மொழுமொழுன்னு மொட்டையா நிக்குது!"

மில்காரர் சவரிமுத்து அண்ணன் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "கல்லுல வெட்டுன எழுத்துன்னா பள்ளம்மா. பள்ளம் எப்படித் தாள்ல ஒட்டும்?"

"அதாண்ணே எங்களுக்கும் ஆச்சரியம். பள்ளத்தையெல்லாம் பாயைச் சுருட்டுற மாதிரி சுருட்டி ரூமுக்கு எடுத்துட்டு வந்தோம். கனமே இல்லை. ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் விடுவேனா? மறுநாளே தாளைத் திரும்பக் கல்லுல ஒட்டி, இஸ்திரிப் பெட்டியை வச்சுத் தேச்சு எழுத்தை ஏத்திட்டேன். ஒரே ஒரு வரிதான் தலைகீழா ஒட்டிக்கிருச்சு. ராசா கோயிலுக்கு நிலம் குடுத்தாருன்னு இருந்தது, இப்பக் கோயில் ராசாவுக்குக் குடுத்ததா ஆயிப்போச்சு."

"ஏத்தா, இவ வாயில போட்டா மிளகாய் தானா அரைபட்டுரும். எதுக்கு மில்லுல நிக்கிறோம்?" என்றாள் சீனியம்மா.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருத்தியும் "ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று சொல்லவில்லையே!

"பழம்பொருள் கண்காட்சியைச் சொல்லலையே! ஒருத்தர் வீட்டு அண்டாவைக் கொண்டுவந்தாரு. அறைக்குள்ள அண்டா நுழையலை. அதனால அண்டாவுக்குள்ள கண்காட்சியை வச்சுட்டோம். உள்ள நின்னு 'ஏய்'னு கத்துனா எதிரொலி மறுநாள்தான் வந்துச்சு. அதுக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஐயாதான் பாவம், எந்தக் குரல் யாருதுன்னு அடையாளம் பாத்து, வீடு வீடாப் போய்க் குடுத்துட்டு வந்தாரு."

"எங்க வீட்டுக்கு வரலையே" என்றாள் ரமீஜா.

"நீ கத்துனாத்தானே வரும்? அட, அதை விடு. அண்டாவுக்குப் பக்கத்துல ஒரு முதுமக்கள் தாழி. அந்தக் காலத்துல செத்தவங்களை உள்ள வச்சுப் புதைப்பாங்களே, அந்தப் பெரிய பானை. மூடியைத் திறந்தோம். உள்ள ஒரு பெரியவர் குத்தவச்சு உக்காந்திருக்காரு. வெள்ளைத் தலை, தோள்ல துண்டு. மெதுவாக் கண்ணைத் திறந்து, 'மழை விட்டுருச்சாம்மா?'ன்னு கேட்டாரு. செத்தவரு இல்லை, மழைக்கு ஒதுங்குனவராம்! அப்படியே கண்ணசந்துட்டாராம், எத்தனை நூறு வருசமோ. டீ குடுத்தேன். 'சக்கரை தூக்கலா இருக்கு'ன்னாரு. அதுலருந்து மழை பெஞ்சாத் தவறாமக் கூட்டத்துக்கு வந்துருவாரு."

கரண்ட் வந்தது. யாருமே மிளகாயை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கவில்லை.

சீனியம்மா இடுப்பில் கையை வைத்தாள். "மரகதம், ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். இவங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். அந்தத் தாழிக்காரரைக் காட்டணும். காட்டலை, சாகுற வரைக்கும் உனக்குப் பேரு புளுகுணி மரகதம்தான்."

சாவியைக் காப்பாற்றப் போய், இருக்கிற பேரையும் அடகு வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே நல்ல மழை. யாரும் வரமாட்டார்கள் என்று ஒரு பயம். வந்துவிடுவார்களே என்று இன்னொரு பயம். வந்தார்கள். நனைந்த குடைகளோடு தெருவே வந்தது. சவரிமுத்து அண்ணன் மில்லைப் பூட்டிவிட்டு வந்தார். நாற்காலி போதாமல் பாய் விரித்தோம். ஐயா தலைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். மைக்கைப் பிடித்து, "பெருந்திரளாக வந்திருக்கும் பொதுமக்களே, உறுப்பினர் திருமதி மரகதவல்லி அவர்களே" என்று ஆரம்பித்தார்.

சீனியம்மா எழுந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும் ஐயா. தாழிக்காரர் எங்க?"

"எந்தத் தாழிக்காரர்?" என்றார் ஐயா.

"ஏ மரகதம், சொல்லுடி!" என்று அறையே கூச்சல் போட்டது.

அந்தக் கூச்சலில் கடைசி வரிசை மூலையில் யாரோ அசைந்தார்கள். வெள்ளைத் தலை, தோளில் துண்டு. எப்போது வந்தாரோ, எவ்வளவு நேரம் தூங்கினாரோ. மெதுவாகக் கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மழை விட்டுருச்சாம்மா?" என்று கேட்டார்.

ரமீஜா வாயைப் பொத்திக்கொண்டாள். சவரிமுத்து அண்ணன் பாயிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார்.

சீனியம்மா மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூனைபோல நடந்து வந்து என் காதருகே குனிந்தாள்.

"அவருக்கு டீயில சக்கரையைக் கம்மியாப் போடச் சொல்லுங்க, மரகதவல்லி அவர்களே."