பெரிய நாய் மல்லாந்து படுப்பது ஏன்?

அந்தக் காலத்தில் நாய்களுக்குப் பேச்சு இருந்தது. பேச்சைவிடப் பெரிதாக ஒரு விளையாட்டும் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் வற்றிய கண்மாய்க்குள் கூடி மல்லுக்கட்டும். யார் முதுகு மண்ணில் பட்டதோ அவர் தோற்றார். ஆனால் எதிரே நிற்பது யாராக இருந்தாலும் முழுப் பலத்தோடுதான் மோத வேண்டும். பலத்தைக் குறைத்தால் எதிராளியை அவமதித்ததாக அர்த்தமாம். அது என்ன மானமோ, அந்த நாய்களுக்கே வெளிச்சம்!

கூட்டத்துக்குத் தலைவன் கருவாயன். பிறந்ததிலிருந்து அவன் முதுகில் மண் ஒட்டியதே இல்லை.

ஒருநாள் செவலச்சி என்ற பெட்டை நாயின் குட்டி, உருண்டை என்று பேர், அவன் முன்னால் வந்து நின்றது. பல் முளைத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"மாமா, நானும் ஆட்டைக்கு வாரேன்."

"வா மருமகனே, என்கூடவே ஆடு."

செவலச்சி பதறி ஓடி வந்தாள். "அண்ணே, அது பச்சப்புள்ள. பாத்து மெதுவா தட்டுங்க."

"மெதுவா தட்டுனா என் மருமகனுக்கு என்ன மரியாதை? பெரிய ஆளா மதிச்சுத்தான ஆடணும்?"

கேட்டீர்களா இந்த நியாயத்தை? அவனுக்குக் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை, அதுதான் கொடுமை. நாலடி பின்னால் போனான். எதிரே காளை நிற்பதுபோல ஓடி வந்து மோதினான்.

குட்டி பறந்துபோய்க் கரைக்கல்லில் அடித்து விழுந்தது. எழுந்திருக்கவில்லை.

செவலச்சி நக்கி நக்கி நாக்கு வறண்ட பிறகுதான் அது கண்ணைத் திறந்தது.

உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு எந்த நாயைக் கண்டாலும் புதருக்குள் ஒடுங்கியது. பால் குடிக்கவும் வெளியே வரவில்லை. நாலு நாளில் எலும்பும் தோலுமாகிவிட்டது.

"இப்படியே செத்துப்போயிரும்ணே," என்றாள் செவலச்சி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

கருவாயன் புதர் முன்னால் போனான். அவனைப் பார்த்ததும் குட்டி நடுங்கி, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. 'என்னைப் பார்த்தா இப்படி?' என்று திகைத்து நின்றவன், சட்டென்று, ஐயோ, பொத்தென்று மல்லாந்து விழுந்தான்! நாலு காலும் வானத்தைப் பார்க்க, முதுகெல்லாம் மண்.

"தலைவன் தோத்துட்டான்!" சுற்றி நின்ற கூட்டம் கத்தியது.

கருவாயன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "மருமகனே, வந்து கடிடா," என்றான்.

வெகுநேரம் புதர் அசையவில்லை. பிறகு உருண்டை நொண்டிக்கொண்டே வந்தது. தயங்கித் தயங்கி அவன் வயிற்றில் ஏறி, காதைப் பிடித்துக் கடித்தது.

"ஐயோ, வலிக்குதே!" என்று அலறினான் கருவாயன். சத்தியமாக வலிக்கவில்லை. ஆனாலும் அழுதான். குட்டியின் வால் ஆடத் தொடங்கியது.

அன்று முதல்தான், எப்பேர்ப்பட்ட முரட்டு நாயும் ஒரு குட்டி விளையாட வந்தால், கூட்டமே பார்த்துக்கொண்டிருந்தாலும் தானாகவே மல்லாந்து தோற்றுப்போகிறது.